ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் குலை வெட்டுகிறேன். மனைவிக்கு 46 வயது. அதே தோட்டத்தில் 11 வருடமாக உரம் போடுவது, உதிரிப்பழம் பொறுக்குவது என்று வேலை செய்கிறார். மார்பில் புற்றுநோய் என்று செப்டம்பரில் சுங்கை பூலோவில் ஆபரேஷன் செய்து ஒரு பக்க மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இனிமேல் புத்ராஜெயாவில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக 6 கீமோ, அதற்குப் பிறகு 15 நாள் ரேடியோதெரபி. முதல் கீமோ தீபாவளியை ஒட்டி வருகிறது. “ரிசைன் எழுதிக் கொடுத்துவிட்டால் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் முழுவதும் எடுக்கலாம்” என்கிறார் ஆபீஸ் கிராணி. மாமியார் டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையைக் காய்ச்சிக் கொடுக்கிறார், மீன் முட்டை கூடாது என்கிறார். 15 வயது மகள் சமையலுக்காக வீட்டில் நின்றுவிட்டாள். எந்த உதவியை எங்கே கேட்பது, எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

பதில்: சகோதரரே, முதலில் அந்த ராஜினாமா. எழுத வேண்டாம். எழுதிக் கொடுத்திருந்தால், ஆபீஸ் அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் இன்றைக்கே எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள்.

கிராணி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வேலையை விட்டதற்காக 46 வயதில் யாருக்கும் இ.பி.எஃப். முழுத் தொகையையும் தராது. 55 வயதுக்கு முன் மொத்தமாக எடுக்க வேண்டுமானால், உடல்நிலை காரணமாக இனி வேலையே செய்ய முடியாது என்று மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் மனைவிக்குக் கொடுக்கப்படுவது குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் சிகிச்சை என்பது நீங்கள் சொல்லும் திட்டத்திலேயே தெரிகிறது. அப்படி ஒரு சான்று இப்போது கிடைப்பது கடினம். ஆக, ரிசைன் செய்தால் பணமும் வராது, சம்பளமும் நின்றுவிடும்.

போவது சம்பளம் மட்டுமல்ல. மலேசிய வேலைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு காலண்டர் வருடத்திலும் சம்பளத்தோடு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனை விடுப்பு 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கு. அந்த 60 நாளுக்கு வார்டில் படுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ‘மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு உடல்நிலை இருக்கிறது’ என்று மருத்துவர் சான்று கொடுத்தால், வீட்டில் இருந்தாலும் அது மருத்துவமனை விடுப்புதான். பலருக்கு இது தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்திருந்தால், அது 42 நாள். அதை மருத்துவமனை விடுப்பில் எழுதினார்களா, 22 நாளைக் கழித்துவிட்டு மீதியைச் சம்பளமில்லா விடுப்பாக்கினார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். சரியாக எழுதியிருந்தால் இந்த வருடத்துக்கே இன்னும் 18 நாளும், தொடாத 22 நாளும் பாக்கி இருக்கும். ஜனவரி 1-ஆம் தேதி இரண்டு கணக்கும் புதிதாகத் தொடங்கும். ஆறு கீமோவும் முடிய பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். ஆகவே சிகிச்சையின் பின்பாதி புது வருட விடுப்பில் விழும்.

ஒவ்வொரு கீமோ நாளிலும் கிளம்பும் முன் எம்.சி.யைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியில்லாமல் வராதவர் என்று கணக்காகிவிடும். மண்டோரிடம் வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். எம்.சி.யைப் படம் பிடித்து ஆபீஸ் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். ஆபீஸ் இழுத்தடித்தால் தோட்டத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதியிடம் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நோயால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கு அங்கே பென்சன் இலாட் என்ற மாதப் பென்சன் இருக்கிறது. நோய் எளிதில் குணமாகாதது, முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இனிச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்தால்தான் அது கிடைக்கும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டு, நிராகரித்துவிட்டார்கள் என்று வருந்துகிறவர்கள் அதிகம். இப்போது அவசரம் வேண்டாம், ஆனால் தகுதியைக் காப்பாற்றி வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் கழித்து நோய் திரும்பி வந்தால் இந்த 40 மாதக் கணக்கு சிக்கலாகலாம். ராஜினாமா வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இ.பி.எஃப்.பில் இப்போது எடுக்கக்கூடியது இரண்டு. ஒன்று அக்கவுன் ஃபிளெக்சிபல். 2024 மே முதல் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கென்று கேட்க மாட்டார்கள். இன்னொன்று அக்கவுன் செஜாத்ராவிலிருந்து எடுக்கும் மருத்துவப் பணம். கடும் நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. ஆனால் இதைச் செலவுக் கணக்கை வைத்துத்தான் கொடுப்பார்கள். அரசாங்க மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 ரிங்கிட் என்ற கணக்கில் பில் வந்தால் எடுப்பதற்கு அதிகம் இருக்காது. வெளியே வாங்கச் சொன்ன மருந்து, உபகரணம் என்றால் மருத்துவர் கடிதமும் விலைப் புள்ளியும் சேர்த்துக் கேட்கலாம்.

இனி நீங்கள் கேட்ட “எங்கே போவது”. தோட்டத்திலிருந்து ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்காதீர்கள். எல்லாக் கதவுக்கும் சாவி மருத்துவமனைக்கு உள்ளேயே ஓர் அறையில் இருக்கிறது. ‘கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ என்று பலகை போட்டிருக்கும். மருத்துவ சமூகப் பணிப் பிரிவு அது. புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும் இருக்கிறது, சுங்கை பூலோவிலும் இருக்கிறது. நேராகப் போவதைவிட, கீமோ மருத்துவரிடம் “எங்களை சோசியலுக்கு ரெஃபர் செய்யுங்கள்” என்று கேளுங்கள். மருத்துவரின் குறிப்போடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும். கேட்காவிட்டால் பல நேரம் யாரும் அனுப்ப மாட்டார்கள். மருத்துவருக்குக் கட்டி தெரியும், உங்கள் வீட்டு அரிசிப் பானை தெரியாது.

அந்த அறைக்கு ஒரு ஃபைலோடு போங்கள். எல்லாருடைய அடையாள அட்டை நகல், திருமணப் பத்திரம், மகளின் பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி கிடைப்பதற்கான ஆதாரம், மனைவி பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் முதல் பக்கம், பயாப்சி ரிப்போர்ட், அப்பாயிண்ட்மெண்ட் அட்டை. ஐந்து செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடத்தில்தான். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, திருமணப் பத்திரத்தில் இன்னோர் எழுத்து என்று பெயர் மாறியிருக்கும். அல்லது வங்கிக் கணக்கைத் தொடாமல் வைத்திருந்து முடங்கிப் போயிருக்கும். இரண்டையும் இந்த வாரமே பாருங்கள்.

அங்கே என்னென்ன கேட்க வேண்டும்? முதலாவது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டம். உங்கள் குடும்பம் எஸ்.டி.ஆர். வாங்குகிறது என்றால், மனைவிக்கு 40 வயது தாண்டிவிட்டதால் தகுதி உண்டு. சிகிச்சையை முடிப்பதற்கான ஊக்கத்தொகை 1,000 ரிங்கிட் வரை. முதல் சிகிச்சைக்குப் பிறகு 300, முழுவதும் முடிந்ததும் 700 என்று பிரித்துத் தருவார்கள். போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை உண்டு. இதற்கான பாரத்தில் மருத்துவமனை கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் முதல் கீமோ நாளிலேயே கேளுங்கள்.

இரண்டாவது, சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான். மருத்துவமனையில் இல்லாத விலையுயர்ந்த மருந்து, உபகரணம் தேவைப்பட்டால் இந்த நிதி உதவும். கடன் வாங்கி முதலில் வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் இங்கே எடுபடாது. விண்ணப்பம், ஒப்புதல், அதற்குப் பிறகுதான் வாங்குவது. மூன்றாவது மக்னா. 1994-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் மன்றம், வருமானம் குறைந்த நோயாளிகளுக்கு மாதாந்திர உதவித்தொகை கொடுக்கிறது. மருத்துவர் ரிப்போர்ட்டும் வருமானச் சான்றும் தேவைப்படும், பாரத்தை அந்த அறையில் உள்ளவர்களே நிரப்ப உதவுவார்கள். சமூக நல இலாகாவின் மாத உதவித்தொகை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அது படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்வோருக்கான பணம். உங்கள் மனைவி நடமாடுகிறார், அதற்காக அலைய வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் படம் போட்டுப் பணம் திரட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் யார் கணக்கில் விழுகிறது என்று முதலில் கேளுங்கள். மனைவியின் சொந்தக் கணக்கைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்க வேண்டாம். மார்பின் படத்தையும் ரிப்போர்ட்டையும் யாருக்கும் அனுப்பக் கூடாது.

பயணம். கீமோ நாளில் காரில் அழைத்துப் போக ஆள் கிடைத்தால் அதுவே நல்லது, திரும்பும்போது வாந்தியும் களைப்பும் இருக்கும். கார் இல்லாத நாளில் சுங்கை பூலோ நிலையம் வரை வந்துவிட்டால், எம்.ஆர்.டி. ரயிலின் புத்ராஜெயா தடத்தில், இடையில் வண்டி மாறாமல் புத்ராஜெயா சென்ட்ரல் வரை போகலாம். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஈ-ஹெய்லிங். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போகும் நாளுக்கு இது சரியான வழி. கூட்டமான பெட்டியில் முகக்கவசம் கட்டாயம். அந்த இரத்தப் பரிசோதனையை வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் செய்து முடிவை அனுப்பலாமா என்றும் கேளுங்கள். சில நேரம் ஒப்புக்கொள்வார்கள், ஒரு பயணம் மிச்சம்.

ரேடியோதெரபிதான் உண்மையான சிக்கல். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மூன்று வாரம். ஒரு தடவை மெஷினில் இருப்பது சில நிமிடம்தான், போய்வர அரைநாள் போய்விடும். களைத்துப்போய் நடுவில் இரண்டு நாள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடக் கூடாது. தொடர்ச்சியாகக் கொடுப்பதால்தான் மிச்சமிருக்கும் புற்றுநோய் அணுக்களுக்கு மீள நேரம் கிடைக்காமல் போகிறது. உடம்பில் அடையாளப் புள்ளி போட்டு ஸ்கேன் எடுக்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கே மருத்துவ சமூகப் பணியாளரிடம் பக்கத்தில் தங்கும் விடுதி பற்றிப் பேசிவிடுங்கள். சிகிச்சை தொடங்க அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இருக்கும், இடம் பிடிக்க அது போதும். கூடப் போக வேண்டியது நீங்களே என்று இல்லை. பராமரிப்பவருக்கென்று வேலைச் சட்டத்தில் தனி விடுப்பு இல்லாததால், உங்கள் வருடாந்திர விடுப்பை ஆறு கீமோ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோதெரபிக்குத் தங்கையோ அண்ணியோ முறைபோட்டுப் போகட்டும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது இந்த நோயாளிக்குப் போதாது. அளந்து பார்க்கும் முன் பனடோல் கொடுக்க வேண்டாம். சூட்டை மறைத்துவிடும், கிருமி உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் எந்த எமர்ஜென்சிக்குப் போவது என்று முதல் கீமோ நாளிலேயே நர்ஸிடம் கேட்டு, காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அங்கே போனதும் கவுண்டரில் “கீமோதெராப்பி, டெமாம்” (காய்ச்சல்) என்று சொல்லிக் கீமோ அட்டையைக் காட்டுங்கள். சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்காரக் கூடாது. தோட்டத்துக்குள் ராத்திரியில் கிராப் வராது. லயத்தில் கார் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், மகளுக்காகத் தவிக்கிற தாய் அவர். ஆனால் அந்த இலைக் கஷாயத்தைக் கீமோ முடியும் வரை நிறுத்த வேண்டும். சபா பாம்புப் புல் என்ற மூலிகைக்கும் இதே பேச்சுதான். மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. கூடவே தெரியாத சாறு ஒன்றும் போனால், இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறிக் கீமோ தள்ளிப்போகும். ஏன் ஏறியது என்று மருத்துவருக்கும் புரியாது. ஏற்கனவே குடித்திருந்தால் பயப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். “அம்மா, நிறுத்தச் சொன்னது டாக்டர்” என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், வீட்டில் அமைதி இருக்கும்.

பத்தியமும் வேண்டாம். வெள்ளை அணு ஊறவும் தையல் ஆறவும் புரதம் தேவை. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்த முட்டை, கெம்போங் மீன் குழம்பு, பருப்பு, தெம்பே எல்லாம் சாப்பிடலாம். வேகாத உலாம் (பச்சையாகத் தின்னும் கீரை), வெளியில் வெட்டி வைத்திருக்கும் பழம், பழைய சோறு ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். வாய்ப்புண் வந்தால் காரத்தைக் குறைத்து, ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டு நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது. கீமோ போட்ட முதல் 48 மணி நேரம் மட்டும், கழிவறையை மூடியை மூடி இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். வாந்தியைத் துடைக்கிறவர் கையுறை போடட்டும், மருந்து உடம்பிலிருந்து வெளியேறுகிற நேரம் அது.

நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையைப் பற்றி ஆபரேஷன் வார்டில் சொல்லியிருப்பார்கள், அந்த நேரத்தில் யார் காதில் விழுந்திருக்கும்? அந்தக் கையில் ஊசி, பி.பி. பட்டை, இறுக்கமான வளையல் வேண்டாம். பிசியோ சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை விடக் கூடாது, வலிக்கிறதே என்று மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். கை வீங்கினாலோ கனத்தாலோ உடனே காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அழுத்த உறையால் கட்டுப்படும், விட்டுவிட்டால் வாழ்நாள் வீக்கமாகிவிடும். வேலைக்குத் திரும்பும்போது உர வாளி தூக்குவது, மருந்தடிப்பது, முள் குத்தும் உதிரிப்பழ வேலை ஒன்றும் கூடாது. நாற்றுமேடை, ஆயக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்), ஆபீஸ் என்று இலகு வேலை கொடுக்கும்படி மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். துரையிடம் வாயால் கேட்பதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

மார்பு இல்லாத பக்கத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மனைவியும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார். பெட்டாலிங் ஜெயாவில் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் இருக்கிறது. இதே ஆபரேஷன் முடிந்து நலமான பெண்களே அங்கே பேசுவார்கள், செயற்கை மார்பும் அதற்கேற்ற உள்ளாடையும் பற்றி வழி சொல்வார்கள். தையல் ஆறும்வரை மென்மையான பருத்திப் பஞ்சுத் திண்டு, ஆறிய பிறகு எடையுள்ள சிலிக்கோன். எடை முக்கியம், ஒரு பக்கம் கனமில்லாவிட்டால் நாளடைவில் தோளும் முதுகும் சாயும். தொலைபேசியில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் இலவச எண் 1-800-88-1000.

மகளை வரும் திங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். 15 வயதுப் பிள்ளைக்கு மறைத்தால் அவளே கூகுளில் தேடி, உள்ளதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்வாள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். யார் செய்த தவறாலும் வரவில்லை, ஒட்டாது, அம்மாவுக்கு முடி கொட்டும், பிறகு முளைக்கும், மூன்று வாரத்தில் ஒரு வாரம் படுத்திருப்பார் என்று சொல்லுங்கள். “செத்துப் போவாங்களா?” என்று கேட்டால், “போகாமலிருக்கத்தான் இவ்வளவு மருந்து, ஏதாவது மாறினால் முதலில் உன்னிடம் சொல்வேன்” என்பது நேர்மையான பதில். பள்ளியின் ஆலோசனை ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சமையலுக்கு மாமியார் இருக்கிறார். கஷாயம் காய்ச்சிய அடுப்பில் அவர் மீன் குழம்பு வைக்கட்டும்.

கடைசியாகத் தீபாவளி. கீமோ தேதி பண்டிகையில் விழுந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே கீமோ போடும் டே-கேர் பிரிவுக்குப் போன் செய்து கேட்டால் சில நாள் தள்ளித் தருவார்கள். கீமோ முன்னதாகவே போட்டுவிட்டால், பண்டிகை அந்த ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் விருந்தாளிகள் ஐந்தடியில் உட்காரட்டும், இருமலும் சளியும் உள்ளவர்கள் வாசலோடு திரும்பட்டும், குழந்தைகள் மடியில் ஏற வேண்டாம். முறுக்கு அதிரசம் மனைவி தாராளமாகச் சாப்பிடலாம், பட்டாசுப் புகைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.